வெளியே வர யார் கையெழுத்து? மனநல மருத்துவமனைகளின் வரலாறு பற்றி வாசகர் கேள்விகள்

மனநல மருத்துவமனைகளின் பழைய வரலாறு பற்றி வந்த கடிதங்களுக்கு, இந்தத் துறையை நன்கு அறிந்த எங்கள் குழு பதில் தருகிறது. ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துவிட்டோம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

கே: கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே இன்னும் கேலிக்குப் பயன்படுத்துகிறார்கள். அந்த மருத்துவமனை எப்போது தொடங்கியது? வெள்ளைக்காரர்கள் நம் மக்களுக்காகக் கட்டியதா? – வாசகர், அரக்கோணம்

ப: தொடங்கியது 1794-ல். அப்போது அது கீழ்ப்பாக்கத்திலும் இல்லை, அரசாங்கத்தின் கையிலும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் அறுவை மருத்துவராக இருந்த வாலன்டைன் கொனோலி தன் பொறுப்பில் நடத்திய விடுதி அது. நோயாளிகளின் செலவைக் கம்பெனி அவருக்குக் கொடுத்தது. அன்றைய இங்கிலாந்தில் தலைக்கு இவ்வளவு என்று பேசி மனநோயாளிகளைத் தனியார் விடுதிகளில் விட்டுவைக்கும் வழக்கம் இருந்தது. அதுவே கடல் தாண்டி இங்கேயும் வந்தது. பிறகு கைமாறி ஜேம்ஸ் டால்டன் என்ற மருத்துவரிடம் போனபோது அவர் பெயராலேயே அந்த இடம் அறியப்பட்டது.

யாருக்காக என்ற கேள்விக்கு நேரான பதில்: முதலில் கம்பெனியின் தேவைக்காக. பம்பாய், கல்கத்தா, சென்னை என்று துறைமுக நகரங்களில் இவை முளைத்ததற்குக் காரணம் சிப்பாய்களும் மாலுமிகளும் கம்பெனி ஊழியர்களும்தான். மனநிலை பாதித்த ஐரோப்பியர்களைச் சில மாதம் இங்கே வைத்திருந்து கப்பலேற்றிவிடுவார்கள். 1818 முதல் அவர்களுக்கென்றே லண்டன் ஹாக்னியில் பெம்ப்ரோக் ஹவுஸ் என்ற விடுதி இருந்தது. இங்கேயே இருந்துவிட்டவர்கள் நம் ஊர்க்காரர்கள். அவர்களையும் சேர்த்தார்கள்; இனம், அந்தஸ்து பார்த்துத் தனித்தனியாக வைத்தார்கள்.

1858-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசுக் காப்பகங்கள் பரவின. கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற இடத்துக்கு 1871-ல் 145 பேருடன் மாறினார்கள். அன்று அது ஊருக்கு வெளியே இருந்த தோட்டப் பகுதி. 1922-ல் அரசு மனநல மருத்துவமனை என்ற பெயர். 1978 முதல் மனநல நிலையம். 1961-ல் மருத்துவர் சாரதா மேனன் அதன் முதல் பெண் கண்காணிப்பாளர் ஆனார். நோயாளி ஏதாவது ஒரு வேலைக்குத் திரும்பினால்தான் சிகிச்சை முடிந்தது என்று பிடிவாதமாக நின்றவர் அவர். புனர்வாழ்வுக்காக 1984-ல் ஸ்கார்ஃப் அமைப்பையும் தொடங்கினார்.

அந்தக் கேலிப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் பல குடும்பங்கள் ஓ.பி. சீட்டு வாங்கவே கூசுகின்றன. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

கே: பாரிஸில் பினெல் என்ற மருத்துவர் நோயாளிகளின் சங்கிலியை அவிழ்க்கச் சொல்லும் ஓவியத்தைப் பார்த்தேன். சங்கிலிக்கு முடிவு கட்டியவர் அவர்தானா? – வாசகி, கும்பகோணம்

ப: அந்த ஓவியம் 1876-ல் தீட்டப்பட்டது. நடந்த சம்பவத்துக்கும் அதற்கும் முக்கால் நூற்றாண்டு இடைவெளி.

பிசேத்ர் ஆண்கள் காப்பகத்தில் 1797-ல் சங்கிலிகளை எடுத்தவர் அங்கே மேற்பார்வையாளராக இருந்த ழான் பப்திஸ்த் புஸ்ஸாங். மருத்துவப் படிப்பு இல்லாதவர். கழுத்தில் கட்டி வரும் கண்டமாலை நோய்க்காக அதே இடத்துக்கு நோயாளியாக வந்து, குணமாகி, வேலைக்குச் சேர்ந்தவர். பினெல் அதற்கு முன்பே சால்பெத்ரியேர் பெண்கள் காப்பகத்துக்கு மாறியிருந்தார். புஸ்ஸாங்கின் முறையைக் கண்டு அதையே தானும் கைக்கொண்டார், அவரைத் தன்னிடம் வரவழைத்துக்கொண்டார். பினெல் இதை மறைக்கவில்லை. தன் நூலில் புஸ்ஸாங்குக்கு உரிய மதிப்பைக் கொடுத்திருக்கிறார்.

புஸ்ஸாங் செய்ததைக் கவனமாகப் பாருங்கள். ஊழியர்கள் நோயாளியை அடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். குணமடைந்து வந்தவர்களையே ஊழியர்களாக எடுத்தார். அவர்களுக்கு அடிக்கக் கை நீளாது என்பது அவர் அனுபவம். இரும்பை எடுத்த இடத்தில் முரட்டுத்துணிக் கட்டுச்சட்டையை வைத்தார். ஆக, கட்டுவது நிற்கவில்லை. எதனால் கட்டினார்கள் என்பதுதான் மாறியது.

இங்கிலாந்தில் பெத்லெம் மருத்துவமனையில் 1814-ல் ஜேம்ஸ் நாரிஸ் என்பவரைக் கண்டுபிடித்தார்கள். கழுத்தில் அறைந்து பொருத்திய இரும்பு வளையம். அதிலிருந்து ஒரு குட்டைச் சங்கிலி, சுவரோரம் நட்டிருந்த ஆறடிக்கு மேல் உயரமான இரும்புத் தூணில் மேலும் கீழும் நகரும் வளையத்துக்குப் போகிறது. உடம்பைச் சுற்றி இரண்டு அங்குல அகலப் பட்டை. கைகளை விலாவோடு சேர்த்து அழுத்த இரண்டு பக்கமும் வளைவுகள். இப்படியே பத்தாண்டுக்கு மேல். பார்க்கப் போனவர்களிடம் அவர் நிதானமாகப் பேசினார். செய்தித்தாள் படிப்பவராகவும் இருந்தார். 1815-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது, மருத்துவமனையின் மருத்துவர்கள் பதவி இழந்தார்கள். நாரிஸ் விடுவிக்கப்பட்ட கொஞ்ச காலத்திலேயே இறந்துபோனார்.

இதற்கு முன்பே, 1796-ல், யார்க் நகரில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் ட்யூக் என்ற வணிகர் முப்பது பேருக்கான ஒரு சிறு இல்லத்தைத் திறந்திருந்தார். அதன் ஜன்னல் சட்டங்கள் இரும்பு. மரம் போல வண்ணம் பூசியிருந்தார்கள். சிறை என்ற எண்ணம் வரக் கூடாது என்பதற்காக. லண்டனுக்கு அருகே ஹான்வெல்லில் 1839-ல் ஜான் கொனோலி (சென்னைக் கொனோலி வேறு ஆள்) பல நூறு பேர் இருந்த பெரிய காப்பகத்திலேயே எல்லாக் கட்டுகளையும் ஒழித்தார். அது நடந்ததற்குக் காரணம் மனசு மட்டும் இல்லை. ஊழியர்களைத் தேடி எடுத்து, பயிற்சி கொடுத்து, இரவுக் காவலையும் சரிசெய்தார்கள். எந்த நாட்டிலும் ஆள் குறைந்த வார்டில்தான் கட்டு திரும்பி வந்திருக்கிறது, அதிலும் இரவு நேரத்தில்.

கே: வெளிநாட்டுப் பழைய மனநல மருத்துவமனைகள் ஏன் அரண்மனை மாதிரி இருக்கின்றன? – வாசகர், காரைக்குடி

ப: கட்டடமே மருந்து என்று நம்பினார்கள். அமெரிக்காவில் தாமஸ் கிர்க்பிரைடு என்ற மருத்துவர் 1854-ல் இதற்காகவே ஒரு கையேடு எழுதினார். நடுவில் நிர்வாகக் கட்டடம், அங்கேயே கண்காணிப்பாளர் குடியிருப்பு. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். வார்டுகளை ஒரே நேர்கோட்டில் நீட்டாமல் ஒவ்வொன்றையும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக் கட்டினார்கள். அப்படிச் செய்தால் தாழ்வாரத்தின் இரு முனையிலும் ஜன்னல் வைக்கலாம், காற்றும் வெளிச்சமும் ஊடுருவும். அமைதியானவர்கள் நடுவுக்கு அருகே, கூச்சல் போடுகிறவர்கள் கோடியில். தேறத் தேற நோயாளி நடுப்பகுதியை நோக்கி வார்டு மாறுவார். சுற்றிலும் வயல், தோட்டம், பால்பண்ணை.

இதெல்லாம் ஒரே ஒரு எண்ணில் நின்றது: 250 பேர். அதற்கு மேல் போனால் கண்காணிப்பாளருக்கு ஒவ்வொரு நோயாளியையும் தெரியாது என்றார் கிர்க்பிரைடு. 1866-ல் காப்பகக் கண்காணிப்பாளர்களின் சங்கமே அந்த வரம்பை 600 ஆக உயர்த்தியது. அதுவும் நிற்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் பில்கிரிம் மருத்துவமனையில் 1950-களில் 13,000 பேருக்கு மேல் இருந்தார்கள். தாழ்வாரத்தில் கட்டில் போட்ட நாளிலேயே கிர்க்பிரைடின் காற்றோட்டக் கணக்கு முடிந்துபோனது.

கே: அவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள்? மனநோய் திடீரென்று அதிகரித்ததா? – வாசகர், ஈரோடு. இதே கேள்வி கோவை, நாகர்கோவிலிலிருந்தும்

ப: இந்த வரலாற்றில் மையமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறோம். அதனால் கொஞ்சம் விரிவாக.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மாவட்டக் காப்பகங்களில் 1850 வாக்கில் சுமார் 7,000 பேர். 1930-ல் சுமார் 1,20,000 பேர். மக்கள்தொகை பெருகியதை வைத்து இதை விளக்க முடியாது.

முதலில் சாதாரணக் கூட்டல் கழித்தல். ஒரு பேச்சுக்கு, 250 கட்டில் உள்ள மருத்துவமனைக்கு வருஷத்துக்கு 100 பேர் வருகிறார்கள் என்று வையுங்கள். 55 பேர் தேறி வீடு போகிறார்கள், 25 பேர் இறக்கிறார்கள். மீதி 20 பேர் தங்குகிறார்கள். அடுத்த வருஷம் இன்னும் 20. பன்னிரண்டு, பதின்மூன்று வருஷத்தில் கட்டில் முழுவதும் பழைய நோயாளிகள். புதிதாக வருகிறவருக்கு இடமே இல்லை. வருகிறவர்களில் பாதிக்கு மேல் குணமாகி வெளியேறும் நல்ல மருத்துவமனையே இப்படி நிரம்பிவிடும். நிரம்பியதும் சிகிச்சை தேய்கிறது, தேறுகிறவர்கள் குறைகிறார்கள், தங்குகிறவர்கள் கூடுகிறார்கள்.

இரண்டாவது, காசு. இங்கிலாந்தில் 1845-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு மாவட்டமும் காப்பகம் கட்டியே ஆக வேண்டும் என்றது. 1874-ல் மத்திய அரசு, காப்பகத்தில் இருக்கும் ஒவ்வொரு ஏழை நோயாளிக்கும் வாரத்துக்கு 4 ஷில்லிங் மானியம் அறிவித்தது. அதுவரை ஊர்ச் செலவில் ஏழை விடுதிகளில் கிடந்த முதியவர்கள், மூளை வளர்ச்சி குன்றியவர்கள், வலிப்பு நோயாளிகள் எல்லோரையும் காப்பகத்துக்கு அனுப்பினால் ஊருக்குச் செலவு மிச்சம். அனுப்பினார்கள்.

மூன்றாவது, இன்று மனநோய் வார்டுக்கே வராத நோய்கள். மேகநோய் (சிபிலிஸ்) மூளையைத் தாக்கும் நிலையில் வந்தவர்கள் ஒரு பெரிய கூட்டம். அவர்களின் மூளையில் அந்தக் கிருமி இருப்பதை 1913-ல் நோகுச்சி என்ற ஆய்வாளர் காட்டினார், 1940-களில் பென்சிலின் வந்த பிறகு அந்தக் கூட்டம் கரைந்தது. இன்னொன்று பெலாக்ரா. தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு வரும், புத்தி பேதலிக்கும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் மக்காச்சோள மாவும் பாகும் கொழுப்பும் மட்டுமே தின்ற ஏழைகளுக்கு வந்தது. தொற்றுநோய் என்று நம்பியிருந்தார்கள். 1914-ல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் காப்பகங்களைச் சுற்றிப் பார்த்து ஒரு விஷயத்தைக் கவனித்தார்: நோயாளிகளுக்கு வருகிறது, அவர்களோடு இரவு பகலாக இருக்கும் ஊழியர்களுக்கு வரவில்லை. தொற்று என்றால் ஊழியரை விடாதே? சாப்பாட்டைப் பார்த்தார். ஜார்ஜியா மாநிலக் காப்பகத்தில் குறிப்பிட்ட வார்டுகளுக்குப் பால், இறைச்சி, பயறு சேர்த்துக் கொடுத்ததும் அங்கே நோய் திரும்பவில்லை. குறைந்தது நியாசின் என்ற விட்டமின் என்பது 1937-ல் தெரிந்தது. குணப்படுத்துவதற்கென்று கட்டிய இடத்துச் சாப்பாடே அதுவரை புத்தியைக் கெடுத்துக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

நான்காவது, வெளியே வரும் வழி. இந்தியாவில் அன்று நடைமுறையில் இருந்த 1912-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உறவினர் மனு கொடுத்து, இரண்டு மருத்துவச் சான்றிதழ் இணைத்தால் மாஜிஸ்திரேட் சேர்க்கை உத்தரவு போடலாம். வெளியே வருவதற்கு, பார்வையாளர் குழுவில் மூன்று பேர் எழுத்தில் உத்தரவிட வேண்டும், அதில் ஒருவர் மருத்துவ அதிகாரியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உறவினர் வந்து, பார்த்துக்கொள்கிறேன், யாருக்கும் தீங்கு நேராது என்று பொறுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். உறவினர் வரவே இல்லை என்றால்? அங்கேதான் முப்பது, நாற்பது வருஷங்கள் கழிந்தன. சேர்த்தவர் இறந்துபோவார், வீடு மாறிவிடும், அடுத்த தலைமுறைக்கு உள்ளே ஒருவர் இருப்பதே தெரியாது.

ஒன்று சேர்க்க வேண்டும்: இந்தியாவில் இங்கிலாந்து அளவு கட்டில்கள் ஒருநாளும் இருந்ததில்லை. 1946-ல் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு கணக்கெடுத்தபோது இங்கே சுமார் 40,000 பேருக்கு ஒரு கட்டில். இங்கிலாந்தில் சுமார் 300 பேருக்கு ஒன்று. நம் மருத்துவமனைகளில் நெரிசல், வெளியே பெரும்பாலோருக்கு எதுவுமே இல்லை, இரண்டும் ஒரே சமயத்தில்.

கே: அமாவாசை, பௌர்ணமியில் நோய் கூடும் என்கிறார்களே? – வாசகி, திருவண்ணாமலை

ப: மருத்துவமனைச் சேர்க்கைப் பதிவேடுகளைப் பல நாடுகளில் பலமுறை நிலவோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தொடர்பு நிலைநாட்டப்படவில்லை. மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களுக்குத் தொடர்ந்து தூக்கம் கெட்டால் நோய் எழும்பலாம், இது உண்மை. கிரிவல இரவாக இருந்தாலும் கல்யாண வீடாக இருந்தாலும் அவர்களைக் கண்விழிக்க விடாதீர்கள், மாத்திரை நேரத்தைத் தள்ளாதீர்கள்.

கே: ஆய்வுக்காக 19-ஆம் நூற்றாண்டு மனநலக் காப்பக அறிக்கைகளைப் படிக்கிறேன். நோய்க்குக் காரணம் என்ற பத்தியில் கஞ்சா அடிக்கடி வருகிறது. அந்த எண்களை நம்பலாமா? – ஆய்வு மாணவர், மதுரை

ப: அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் காலத்திலேயே இதைச் சோதித்துவிட்டார்கள். 1893–94-ல் இந்தியக் கஞ்சாப் பொருள்கள் விசாரணைக் குழு, 1892-ஆம் ஆண்டுச் சேர்க்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துருவியது. மொத்தம் 1,344 பேர். அதில் 222 பேருக்குக் கஞ்சா வகைகள் காரணம் என்று காப்பகங்கள் எழுதியிருந்தன. ஊருக்குப் போய் விசாரித்து, ஆவணங்களை ஒத்துப் பார்த்த பிறகு, ஏதோ ஒரு தொடர்பு இருக்கலாம் என்று சொல்ல முடிந்தது 98 பேருக்கு மட்டும்.

தவறு எங்கே நேர்ந்தது? நோயாளியோடு ஒரு விவரத்தாள் வரும். அதை நிரப்புகிறவர் பெரும்பாலும் போலீஸ்காரர் அல்லது மாஜிஸ்திரேட் அலுவலகத்தார். காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டால் கேள்வி வரும். தெருவில் திரிந்த பரதேசி என்றால் கஞ்சா என்று போடுவது சுலபம். காப்பகத்து எழுத்தர் அதைப் பதிவேட்டில் ஏற்றுவார், கண்காணிப்பாளர் ஆண்டறிக்கையில் கூட்டிப் போடுவார். அப்புறம் அது புள்ளிவிவரம்.

உங்கள் ஆய்வில் மூன்றைப் பாருங்கள். காரணம் எழுதிய கை யாருடையது, போலீஸா, மருத்துவரா? அதே ஆண்டில் காரணம் தெரியவில்லை என்ற வரி திடீரென்று சுருங்கியிருக்கிறதா? கண்காணிப்பாளர் மாறிய ஆண்டில் எண் குதித்திருக்கிறதா? குதித்திருந்தால் மாறியது நோயாளிகள் இல்லை, எழுதும் வழக்கம்.

கே: ஷாக் கொடுப்பது கொடுமை இல்லையா? அந்தக் காலத்தில் தண்டனையாகக் கொடுத்தார்கள் என்கிறார்கள். இன்னும் ஏன் செய்கிறார்கள்? – வாசகி, பெரம்பலூர்

ப: உங்கள் பயத்துக்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. 1917-ல் வாக்னர் யாவ்ரெக் என்ற மருத்துவர் மேகநோய் மூளைக்காரர்களுக்கு மலேரியாக் காய்ச்சலை ஏற்றி, பத்துப் பன்னிரண்டு தரம் காய்ச்சல் அடித்த பிறகு குவினைன் கொடுத்து நிறுத்தினார். சிலர் தேறினார்கள், சிலர் மலேரியாவிலேயே போனார்கள். அவருக்கு 1927-ல் நோபல் பரிசு. பிறகு இன்சுலின் மயக்கம், வலிப்பை வரவழைக்கும் மெட்ரசால் ஊசி. 1935-ல் மோனிஸ் என்ற மருத்துவர் தொடங்கிய மூளை அறுவைக்கு 1949-ல் நோபல் கொடுத்தார்கள். பெரும் தவறு என்று இன்று தயங்காமல் சொல்லலாம்: முன்மூளை இணைப்புகளை வெட்டியதில் நோயாளியின் ஆர்ப்பாட்டம் மட்டும் அடங்கவில்லை, ஆசையும் முயற்சியும் சேர்ந்து அடங்கின. அது திரும்பி வராது.

இந்தப் பட்டியலில் மிஞ்சி நிற்பது, ஷாக் என்று நீங்கள் சொல்லும் மின்வலிப்புச் சிகிச்சை மட்டுமே. ரோமில் செர்லெட்டியும் பினியும் 1938-ல் தொடங்கியது. ஆரம்பத்தில் மயக்க மருந்து இல்லாமல் கொடுத்தார்கள். உடம்பு முழுவதும் வலிப்பு வரும். முதுகெலும்பு முறியும், தாடை விலகும். அதையே ஊழியர்கள் மிரட்டவும் பயன்படுத்திய இடங்கள் உண்டு.

இன்று நடப்பது இது. முந்தைய இரவிலிருந்து பட்டினி. வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் நுரையீரலுக்குள் ஏறிவிடும் ஆபத்து. மயக்க ஊசி, அடுத்துத் தசைகளைத் தளர்த்தும் ஊசி. பல்லுக்கு நடுவே ரப்பர் காப்பு, மூச்சுக்கு ஆக்சிஜன். சில விநாடி மின்சாரம். மூளையில் வலிப்பு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை ஓடும். வெளியே கால்விரல் துடிப்பது தெரிந்தாலே அதிகம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு. சாப்பாடு தண்ணீரை விட்டுவிட்ட கடும் மனச்சோர்வு, கல்லாய் உறைந்துபோகும் கேட்டடோனியா, தற்கொலை எண்ணம் மூர்க்கமாக இருக்கும் நிலை, இவற்றில் உயிரைக் காப்பாற்றுகிறது. விலை, ஞாபகக் குறைவு. சிகிச்சை நடந்த வாரங்களின் நினைவு பலருக்கு மங்கும். சிலருக்குச் சில பழைய நினைவுகள் திரும்பாமலே போகும். இதை முன்கூட்டிச் சொல்லாத மருத்துவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள். மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் கொடுப்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தடை. சிறுவர்களுக்கு, பெற்றோர் சம்மதமும் மனநல மறுஆய்வு வாரியத்தின் முன்அனுமதியும் இல்லாமல் கொடுக்கக் கூடாது.

கே: மாத்திரைகள் வந்ததால்தான் மேல்நாட்டு மருத்துவமனைகள் காலியாயின என்று படித்தேன். சரியா? – வாசகர், சேலம்

ப: பாதி சரி. குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை 1952-ல் பாரிஸில் டிலேயும் டெனிக்கரும் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வார்டுகளின் கூச்சல் அடங்கியது, பேச முடியாதவர்கள் பேசினார்கள். அமெரிக்க மாநில மருத்துவமனைகளில் 1955-ல் உச்சமாகச் சுமார் 5,59,000 பேர்; பிறகு இறக்கம்தான்.

மீதிப் பாதி பணம். ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டமாக 1965-ல் வந்த மெடிகெய்டு, மனநல மருத்துவமனையில் இருக்கும் 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மத்தியப் பணம் தராது என்றது. முதியவர்களை மாநிலங்கள் முதியோர் இல்லங்களுக்கு மாற்றின. 1963-ல் கென்னடி கையெழுத்திட்ட சட்டம் ஊர்தோறும் மனநல மையங்களை வாக்களித்தது. நினைத்த அளவுக்கு அவை வரவில்லை. கதவைத் திறந்தார்கள், போய்ச் சேரும் இடத்தைக் கட்டவில்லை. பலர் தெருவிலும் சிறையிலும் போய் முடிந்தார்கள்.

இத்தாலியின் த்ரியெஸ்தே நகரம் வேறு வரிசையில் செய்தது. 1971-ல் ஃபிராங்கோ பசாலியா பொறுப்பேற்றபோது சுமார் 1,200 பேர். முதலில் நோயாளிகளின் கூட்டுறவுச் சங்கம். மருத்துவமனையைப் பெருக்கித் துடைத்த அவர்களுக்கு மற்றத் தொழிலாளர் போலச் சம்பளம். போக இடமில்லாதவரை வெளியேற்றவில்லை. நோயாளி என்ற பதிவை நீக்கி, விருந்தினராக அங்கேயே தங்கவிட்டார்கள். நகருக்குள் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும், சில கட்டில்கள் மட்டும் கொண்ட மையங்கள். 1978-ன் சட்டம் 180, பழைய பாணி மருத்துவமனைகளில் புதுச் சேர்க்கையை நிறுத்தியது. பொது மருத்துவமனையின் மனநல வார்டுக்கு 15 கட்டில்தான் வரம்பு. கட்டாயச் சிகிச்சை என்றால் இரண்டு மருத்துவர், மேயரின் உத்தரவு, நீதிபதியின் உறுதி. அதுவும் ஏழு நாள், வேண்டுமானால் புதுப்பிக்கலாம்.

நம் நாட்டிலும் முன்னோடிகள் உண்டு. அமிர்தசரஸில் மருத்துவர் வித்யா சாகர் 1950-களில் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் குடும்பத்தாரை நோயாளியோடு தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் 1957 முதல் இதே வழியில் போகிறது. மாத்திரையை எப்போது கொடுப்பது, நோய் திரும்பினால் முதல் அறிகுறி என்ன என்பதை வீட்டார் அங்கேயே பழகிவிடுவார்கள். கூட இருந்தவர்கள் கூட்டிக்கொண்டு போக மறுப்பது அபூர்வம்.

கே: ஏர்வாடி தீ விபத்துக்குப் பிறகு சட்டம் மாறியதா? என் அண்ணன் சிகிச்சைக்கு மறுக்கிறான், அம்மாவை அடிக்க வருகிறான். கட்டாயமாகச் சேர்க்க என்ன செய்ய வேண்டும்? சேர்த்தால் எப்போது வருவான்? – வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

ப: உங்கள் வீட்டு நிலைமை கஷ்டமானது, முதலில் அம்மா பாதுகாப்பாக இருக்கட்டும், அண்ணன் கோபமாக இருக்கும் நேரத்தில் தனியாக விடாதீர்கள்.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு கொட்டகை எரிந்தபோது 28 பேர் இறந்தார்கள். ஓலைக்கூரை, உள்ளே சங்கிலியில் கட்டப்பட்ட மனிதர்கள். 1903-ல் லண்டன் கோல்னி ஹாட்ச் காப்பகத்திலும் இப்படித்தான்: நெரிசலுக்காகத் தற்காலிகமாகப் போட்ட மரக் கட்டடம், பூட்டிய வார்டு, ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள். ஏர்வாடியை உச்ச நீதிமன்றம் தானாக எடுத்து விசாரித்தது. இன்றுள்ள 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது, தனி அறையில் பூட்டுவதையும் தடை செய்கிறது. உடல் கட்டு என்பது உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும்.

சேர்க்கும் வழி: அண்ணன் யாரையும் நியமனப் பிரதிநிதியாக (தன் சார்பில் நிற்கும் ஆளாக) எழுதி வைக்கவில்லை என்றால் உறவினரான நீங்கள் அந்த இடத்தில் இருந்து விண்ணப்பிக்கலாம். அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள்ளோ இரண்டு பேர் தனித்தனியாக அவரைப் பார்க்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர், மற்றவர் மனநலப் பணியாளர் அல்லது வேறு மருத்துவர். அண்மையில் தன்னையோ பிறரையோ தாக்கியது, மிரட்டியது, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருப்பது, இதில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். அதனால் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று ஒரு தாளில் எழுதி, பழைய மருந்துச் சீட்டுகளோடு எடுத்துப் போங்கள். முரடன் என்று பொதுவாகச் சொன்னால் போதாது.

இந்தச் சேர்க்கை 30 நாளோடு முடிகிறது. பெண்கள், சிறுவர் என்றால் 3 நாளுக்குள்ளும் மற்றவர்கள் என்றால் 7 நாளுக்குள்ளும் மறுஆய்வு வாரியத்துக்கு மருத்துவமனை தெரிவிக்க வேண்டும். 30 நாளுக்கு மேல் வேண்டும் என்றால் இரண்டு மனநல மருத்துவர்கள் மீண்டும் பார்த்து, வாரியம் அனுமதிக்க வேண்டும். அதுவும் முதலில் 90 நாள், அடுத்து 120, அதன் பிறகு 180 வரை. அண்ணன் தானாகவே சம்மதித்து வந்தால் இவ்வளவும் தேவையில்லை. அப்போது அவர் கேட்டதும் விட வேண்டும்; ஆபத்து என்று மருத்துவர் கருதினால் 24 மணி நேரம் மட்டும் நிறுத்தி வைத்து மதிப்பிடலாம். முதலில் சம்மதத்தோடு கூட்டிப் போகவே முயலுங்கள். தூக்கமில்லை, தலை பாரம் என்று அவருக்கே தொந்தரவாக இருக்கும் ஒன்றைச் சொல்லி அழைத்தால் பலர் வருவார்கள். பொய் சொல்லி ஏமாற்றிக் கூட்டிப்போனால் அடுத்த தரம் வரமாட்டார். அவசர ஆலோசனைக்கு டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம்.

கே: எங்கள் சித்தி பல வருஷமாக ஒரு மனநல மருத்துவமனையில் இருக்கிறார். இப்போது நன்றாகத்தான் பேசுகிறார். மாமா வீட்டார் கூட்டிப்போக மறுக்கிறார்கள், பிள்ளைகளும் இல்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்? – வாசகர், புதுச்சேரி

ப: வீட்டார் வரவில்லை, இருக்க வீடில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. இத்தனை காலம் சட்டத்தில் இல்லாத வரி இது. உங்கள் சித்திக்குச் சட்டம் இருக்கிறது. அவருக்காகக் கேட்கிற ஆள்தான் இல்லை. அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம்.

நேரில் போய்ப் பாருங்கள், போனில் பேசி முடிக்காதீர்கள். எங்கே இருக்க விருப்பம் என்று அவரிடமே கேளுங்கள். பலருக்கு வீட்டைவிட, மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட அரைவழி இல்லம் பிடிக்கிறது. நியமனப் பிரதிநிதியாக உங்களை எழுத அவர் விரும்பினால் வெள்ளைத் தாளில் இருவரும் கையெழுத்திட்டாலே செல்லும். பிறகு அவரது மனநல மருத்துவரிடம் வெளியேற்றத் திட்டம் எழுத்தில் கேளுங்கள்: எந்த மருந்து, என்ன அளவு, அடுத்து எங்கே காட்டுவது, யார் பின்தொடர்வது. பதில் வராவிட்டால் மறுஆய்வு வாரியத்துக்கு விண்ணப்பம் எழுதுங்கள். இலவச வழக்கறிஞருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு.

ஆதார் அட்டையும் வங்கிக் கணக்கும் இல்லாமல் வெளியே வருகிறவர்கள் முதல் மாதமே தவிக்கிறார்கள். உள்ளே இருக்கும்போதே, மருத்துவமனைச் சமூகப் பணியாளரைப் பிடித்து அதை முடியுங்கள். உதவித்தொகைக்கு வேண்டிய மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் அங்கேயே சான்று வாங்கலாம். முதலில் இரண்டு மூன்று நாள் விடுப்பில் உங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். பல ஆண்டுகளாக மணி அடித்துச் சாப்பிட்டுப் பழகியவருக்கு, பசித்தால் சமையலறைக்குப் போகலாம் என்பதே புதிதாக இருக்கும். சாலையைக் கடப்பது, கைபேசி, ரூபாய் நோட்டு எல்லாம் மாறியிருக்கும். அந்தத் தடுமாற்றத்தை நோய் என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்; சில வாரங்களில் பழகிவிடுவார்.